அஞ்சு கிலோ துப்பாக்கியும் அரை கிராம் குண்டும்

இந்தத் தடவை எடையைப் பற்றி. என் எடை இல்லை, அதுக்கு ஒரு பதிவு போதாது :-) பொண்ணு தோளில் தூக்கி நிறுத்துகிற ரைபிளின் எடை.

புதுசா வருகிறவர்களுக்கு முன்கதை நாலே வரியில். மூத்தவள் பத்தாவது படிக்கிறாள். வீடு செம்பூர். பள்ளிக்கூடத்து என்சிசி-யில் ஒருநாள் துப்பாக்கியைக் கையில் எடுத்தவள், அப்புறம் கீழே வைக்கவேயில்லை. ரெண்டு வருஷமாக 10 மீட்டர் ஏர் ரைபிள். நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்தவன். தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு அடிக்கிற துப்பாக்கியோடு என் அனுபவம் முடிந்தது. ஆனால் வரவு செலவு, எடை, கழிவு என்று கணக்கு வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"இதெல்லாம் பணக்கார விளையாட்டாச்சே, நமக்கெதுக்கு?" என்று மாட்டுங்கா கோயில் வாசலில் கேட்காத மாமி இல்லை. பாதி உண்மை. ஜெர்மனிக்காரன் செய்கிற ரைபிள் புதுசு சில லட்சம் ஆகும். மீதிப் பாதிக்கு என் பதில் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்த பொண்ணு. 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம். டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் ஒலிம்பிக் போனார். 2025-ல் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியிலும் தங்கம். வேலைக்காக ஊரைவிட்டு வந்த நம்மை மாதிரி வீட்டுப் பிள்ளைதான். நம்ம மும்பைக்கும் இந்த விளையாட்டில் பேர் உண்டு. வொர்லியில் மகாராஷ்டிரா ரைபிள் அசோசியேஷன் இருக்கிறது. சிட்னி 2000 ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குப் போன அஞ்சலி பாகவத் இந்த ஊர்க்காரர். 2004-ல் ஆசியப் போட்டியில் நானூற்றுக்கு நானூறு அடித்த சுமா ஷிரூர் பன்வெலில் பயிற்சிக்கூடம் நடத்துகிறார்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்களுக்குப் புது ரைபிள் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. காலேஜ் முடித்து வேலைக்குப் போன ஒரு சீனியர் பையனிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நல்ல ரைபிள். ஆனால் குண்டு வெளியேறியதும் நுனி இடது பக்கம் ஒரு துள்ளு துள்ளும். பொண்ணு முகம் சுருங்கும். 60 ஷாட் முடிப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சராசரி 10.2-லேயே மாசக்கணக்கில் நின்றது. ஒரு ஷாட்டுக்கு உச்சம் 10.9 என்பதால் 10.2 என்றால் பிரமாதம் என்று நினைத்துவிடாதீர்கள். மாநிலப் போட்டியில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் இடம்.

இந்த நேரத்தில்தான் டெக்சாஸில் இருக்கிற என் மச்சினன் வீடியோ காலில் வந்தான். அவனுக்கு அங்கே துப்பாக்கி ஒரு பொழுதுபோக்கு. "அத்தான், இது சின்ன விஷயம். உள்ள இருக்கிற வெயிட்டை மாத்தினாப் போதும். நான் வீட்டுலயே ஞாயித்துக்கிழமை உக்காந்து மாத்துவேன்" என்றான். மருமகளிடமும் அதையே சொல்ல, அவள் கண்ணில் பல்பு எரிந்தது. அன்றைக்கு ராத்திரியே ஸ்க்ரூ டிரைவர் செட் மேஜைக்கு வந்துவிட்டது.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அலமாரியில் பூட்டினேன். காரணம் பயம் மட்டுமில்லை. அவன் சொல்கிற சாமான் வேறு, எங்கள் வீட்டில் இருக்கிற சாமான் வேறு. இது புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. புரிந்ததை எழுதுகிறேன்.

மச்சினன் வைத்திருப்பது வெடிமருந்தில் சுடுகிற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற ரைபிள். அதில் ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே ஒரு இரும்புக் கட்டை பின்னால் ஓடி, ஸ்பிரிங் தள்ள, முன்னால் வந்து மூடிக்கொள்ளும். அந்தக் கட்டைக்குப் பின்னால் உருளை மாதிரி ஒரு சாமான் இருக்கும், அதற்குப் பேர் பஃபர். அதற்குள் குட்டிக் குட்டி எடைத் துண்டுகள். கட்டை முன்னால் வந்து மோதும்போது அது எகிறிப் பின்வாங்காமல், இந்தத் துண்டுகள் ஒரு கணம் தாமதமாக வந்து 'உட்காரு' என்று தட்டி வைக்கும். எடை கூடினால் கட்டை நிதானமாக ஓடும். ரொம்பக் கூடினால் முழுசாகப் பின்னால் போகாமல் அடுத்த தோட்டா சிக்கும். ரொம்பக் குறைந்தால் வேகமாக மோதி பாகங்கள் தேயும். அமெரிக்காவில் இந்த உருளை பல எடையில் கடையில் கிடைக்கிறது, மாற்றிக்கொள்கிறார்கள்.

நம்ம நாட்டில் அந்தக் கதையே கிடையாது. தானே ஏற்றிக்கொள்கிற அந்த வகை ரைபிளுக்கு சாதாரண ஜனங்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. லைசென்ஸ் உள்ள சாதாரணத் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இருக்கிறது. செய்ய, மாற்ற, ரிப்பேர் பார்க்க, சோதித்துப் பார்க்க எல்லாவற்றுக்கும் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதை மீறினால் குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். பேங்க்காரன் பாஷையில் சொன்னால், ரிஸ்க்குக்கும் ரிட்டர்னுக்கும் சம்பந்தமே இல்லை. ஏர் ரைபிளுக்கு மட்டும், 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாமல் இருந்தால், 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிள் ஏழு, எட்டு ஜூலைத் தாண்டாது.

இதை மச்சினனிடம் சொன்னபோது, "ஏர் ரைபிள்தானே அத்தான், அப்ப இன்னும் ஈஸி" என்றான். அங்கேதான் அவன் கணக்கு தப்பு. கொஞ்சம் எண்களைப் பார்ப்போம், பயப்படாதீர்கள், எட்டாவது வகுப்புக் கணக்குதான்.

ஏர் ரைபிள் குண்டின் எடை 0.53 கிராம். நம்ம பத்தர்கள் தங்கம் நிறுத்த குந்துமணியில், நாலு குந்துமணிக்குக் கொஞ்சம் கூட. அது சுமார் நொடிக்கு 170 மீட்டரில் போகிறது. குண்டு முன்னால் போகிற கணக்கும் ரைபிள் பின்னால் வருகிற கணக்கும் டாலி ஆக வேண்டும் என்பது இயற்கையின் இரட்டைப் பதிவு முறை. குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி, ரைபிளின் 5 கிலோவால் வகுத்தால், ரைபிள் பின்னுக்கு வரும் வேகம் நொடிக்கு 1.8 சென்டிமீட்டர். கூடவே வெளியேறுகிற காற்றுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், ஆமை வேகம்.

ஒப்பிட்டுப் பார்க்க, நம்ம ராணுவத்தில் முன்பு இருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் தோட்டா மட்டுமே கிட்டத்தட்ட 9 கிராம், வேகம் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல். பின்னுக்கு உதைக்கிற வேகம் நொடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர், நூறு மடங்கு. டிராப் போட்டிக்காரர்களின் 12 போர் துப்பாக்கி இன்னும் மோசம். 24 கிராம் சில்லு வெளியே போகிறது, உதை நொடிக்கு இரண்டரை மீட்டரைத் தொடும். புதுக்கோட்டையிலிருந்து பாரிஸ் 2024-க்குப் போன பிரித்விராஜ் தொண்டைமான் ஒரு நாளில் அதை எத்தனை தடவை தோளில் வாங்கியிருப்பார் என்று யோசித்தால் நமக்கு வலிக்கிறது. எங்க பிராஞ்ச் வாசலில் நிற்கிற கன்மேன், சாத்தாராக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், நான் 1.8 சென்டிமீட்டர் என்றதும் சிரித்துவிட்டார். "சாப், அதுக்குப் பேர் உதை இல்லை, முத்தம்" என்றார்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு கவலை? இலக்கின் நடுவில் 10 என்கிற புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி. 10 மீட்டர் தூரத்திலிருந்து அதை அடிக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள ரைபிளின் நுனி 0.05 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், அங்கே அரை மில்லிமீட்டர் போய்விட்டது. குண்டு குழலுக்குள் இருக்கிற நேரத்தில் ரைபிள் பின்னுக்கு வருகிற தூரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், தலைமுடியைவிட மெல்லிசு. நேராகப் பின்னால் வந்தால் ஒன்றுமில்லை. கோணலாக வந்தால்தான் வம்பு.

இந்த முத்தத்தையும் இல்லாமல் பண்ணத்தான் நல்ல ஏர் ரைபிளுக்குள் ஒரு எடைத் துண்டு வைக்கிறார்கள். அப்சார்பர் என்கிறார்கள். குண்டு கிளம்புகிற அதே கணத்தில் அது எதிர்த்திசையில் நகர்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். மச்சினனின் பஃபருக்கு இது தூரத்து உறவு. ஆனால் அது நிறைய எடையை ஓட்டுகிற முரட்டு வேலை, இது கைக்கடிகார வேலை. இதன் எடையை தொழிற்சாலையில் அந்த ரைபிளின் காற்றழுத்தத்துக்கும் வால்வுக்கும் ஏற்ப நிர்ணயித்திருக்கிறார்கள். நான் சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு அதைத் திருத்தப் போனால் அதிர்வு குறையாது, புதுசாக ஒன்று சேரும்.

இதைவிடப் பெரிய விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. ரைபிளின் அடியில் மாட்டியிருக்கிற சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில். கார் டயரில் இருப்பது 2 சொச்சம், பஸ் டயரில் சுமார் 8. இருநூறை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் ஸ்க்ரூ கழற்றுவது என்ன ரகம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தச் சிலிண்டருக்குக் காலாவதி தேதி கூட உண்டு. பழைய ரைபிள் வாங்குகிற பெற்றோர்கள் முதலில் அதைப் பாருங்கள். நிறையப் பேர் பார்ப்பதில்லை, பாலிஷைப் பார்க்கிறார்கள்.

ஆக, உள்ளே கை வைப்பதில்லை என்று முடிவு. கிளப் மூலமாக சர்வீஸுக்கு அனுப்பினோம். சீல் தேய்ந்திருந்ததாம், மாற்றி மூணு வாரத்தில் வந்தது. துள்ளலில் பாதி போனது.

மீதிப் பாதிக்குக் காரணம் கண்டுபிடித்தது கோச். அவர் ரைபிளைப் பார்க்கவேயில்லை, பொண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ எத்தனை கிலோ?" என்றார். 46. "ரைபிள்?" அங்கே நான் முழித்தேன். வீட்டுக்கு வந்து, ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசில் மாட்டினேன் (நம்ம ஜனங்கள் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்கும்). 5.28 கிலோ. போட்டி விதிப்படி அதிகபட்சம் 5.5, அதனால் விதிக்குள்தான். ஆனால் பொண்ணின் எடையில் பதினோரு சதவீதத்துக்கும் மேல். அதைத் தூக்கிக்கொண்டு, இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, ஒன்றேகால் மணி நேரம். சீனியர் பையன் ஆறடி ஆள். அவன் தன் உடம்புக்கு ஏற்றபடி நுனிப் பக்கம் மட்டும் 300 கிராம் எடை மாட்டியிருந்தான். நாங்கள் அதை ரைபிளோடு பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நுனியில் எடை இருந்தால் ரைபிள் சட்டென்று ஆடாது, அது நிஜம். ஆனால் அந்த 300 கிராம் இடது கைக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. கையிலிருந்து 15 சென்டிமீட்டரில் 1.2 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுக்கும். சந்தையில் வெள்ளிக்கோல் பிடிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள், சின்னக் குண்டைத் தண்டின் ஓரத்துக்குத் தள்ளி மூட்டையை நிறுத்துவார். அதே சமாச்சாரம். அந்த இழுப்பைச் சமாளிக்க பொண்ணு பின் கட்டையைத் தோளில் கோணலாக அழுத்தியிருக்கிறாள். அதனால்தான் இடது பக்கத் துள்ளல்.

எல்லோரும் எடையைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மச்சினன் உள்ளே, மற்ற பெற்றோர் வெளியே. கணக்குப் பார்த்தால் எடை கூடுவதால் உதை பெரிசாகக் குறைவதேயில்லை. 5.28 கிலோவில் நொடிக்கு 1.71 சென்டிமீட்டர். 4.98 கிலோவில் 1.81. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்! அந்த ஒரு மில்லிமீட்டருக்காக வளர்கிற பிள்ளையின் முதுகெலும்பு மேல் 300 கிராமைத் தினமும் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

நுனி எடையைக் கழற்றியாச்சு. ஆனால் ஒரேயடியாகக் கழற்றினதும் ரைபிள் காற்றில் பட்டம் மாதிரி ஆடுகிறது என்றாள். அதனால் கொஞ்சம் எடையைக் கைக்குப் பக்கத்தில், வெளியே மாட்டுகிற மாதிரி வைக்க வேண்டும். கம்பெனி எடைகள் விலை யானை விலை. எனக்குத் தாராவி ஞாபகம் வந்தது.

90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு ஆள் மட்டும் போகிற சந்தில் ஒரு லேத் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி, அப்பா காலத்திலிருந்து அங்கேதான். 2024-ல் ஆரம்பித்த மறுசீரமைப்பு சர்வே நம்பர் கதவில் எழுதியிருந்தது. மாடியா, வெளியூரா, எங்கே போவோம் என்று அவருக்கே தெரியவில்லை, அது தனியாக எழுத வேண்டிய கதை. நான் படம் வரைந்த காகிதத்தை நீட்டினேன். துப்பாக்கிக்கு என்றதும் காகிதத்தை வாங்காமல் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள போற சாமானா, வெளிய மாட்டுற சாமானா சார்?"

"வெளியதான் அண்ணாச்சி. வெறும் எடை."

"உள்ள போறதுன்னா லச்ச ரூவா குடுத்தாலும் தொடமாட்டேன், பாத்துக்கிடுங்க. நமக்கு எதுக்கு வம்பு."

ரைபிளின் போட்டோ, போட்டி விதிப் புத்தகம், பொண்ணின் கிளப் அட்டை எல்லாவற்றையும் காட்டினேன். அப்புறம்தான் வாங்கினார். பித்தளையில் ஆறு தகடுகள், ஒவ்வொன்றும் 20 கிராம், ஓரத்தை மழித்து, திருகு போட ஓட்டையோடு. நகைத் தராசில் போட்டால் ஒன்றுக்கொன்று ஒரு கிராம் கூட வித்தியாசம் இல்லை. கம்பெனி விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. கோச் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மாட்டினோம்.

இதற்கு அப்புறம் என் துறை :-) ஒரு நீள நோட்டுப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சு நாள், நாளைக்கு 40 ஷாட். ஏனென்றால் பத்து ஷாட்டில் நல்லா வந்தால் அது தகடா, தூக்கமா, அம்மா செய்த பூரியா என்று யாருக்குத் தெரியும்? மூணு தகடு, அஞ்சு தகடு, முன்னால், பின்னால். ராத்திரி எட்டரைக்கு ஷாட் எண்களை அவள் சொல்ல நான் எழுத, எங்களுக்குள் சண்டையில்லாமல் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது. பதினைந்து வயசுப் பொண்ணு அப்பாவோடு அரை மணி நேரம் உட்கார்வது சின்ன விஷயமா சொல்லுங்கள். ஆறாவது வாரம் மூணு தகட்டில் நின்றது. சராசரி 10.3. அதாவது 60 ஷாட்டுக்கு 612-லிருந்து 618. இடுப்பைப் பிடிப்பது நின்றுவிட்டது, என் மனைவிக்கு அதுதான் கணக்கு.

மாநிலப் போட்டிக்கு முன்னால் எல்லாச் சாமானையும் சோதிப்பார்கள். கோட்டின் துணி தடிமனை அளப்பார்கள், இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அப்புறம் ரைபிளை எடை போட்டார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன், 5.03. எங்க வீட்டுத் தொங்கு தராசு 5.04 காட்டியிருந்தது. பத்து கிராம் எங்கே போச்சு என்று நான் முணுமுணுக்க, "அப்பா, ப்ளீஸ்" என்றாள். சோதனை செய்தவர் பித்தளைத் தகட்டைத் தட்டிப் பார்த்து எங்கே வாங்கினது என்று கேட்டார். "தாராவி" என்றாள் பொண்ணு, தலையை நிமிர்த்தி.

அன்றைக்கு 619.4. தேசியப் போட்டிக்கு அது போதவில்லை, மேலே நிறையப் பேர் இருந்தார்கள். போன மாசம் சுவரில் கோடு போட்டு அளந்தால் ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். பின் கட்டையை நீட்ட வேண்டும், சமநிலை திரும்பவும் மாறும். புது நோட்டு வாங்கியாச்சு. அண்ணாச்சியிடம் இன்னும் ரெண்டு தகடு சொல்லி வைத்திருக்கிறேன், பட்டறை அதே இடத்தில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.